ஜெயித்தவன் வாயில் என்ன இருந்தது?

1904 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான். 32 டிகிரி வெயில், பாதை முழுக்க மண் ரோடு. ஓடுகிறவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் நடுவர்கள், டாக்டர்கள், நிருபர்கள் என்று ஒரு பட்டாளமே காரில் போகிறது. அந்தக் கார்கள் கிளப்புகிற புழுதியெல்லாம் நேராக ஓடுகிறவர்களின் நுரையீரலுக்குள். ஒருவர் ரத்தம் கக்கிச் சாலையோரம் விழுந்தே விட்டார். டாக்டர்களைக் கூடவே அழைத்துப் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள்!

32 பேர் கிளம்பினார்கள். 14 பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். முன்னணியில் ஓடிய தாமஸ் ஹிக்ஸ் ஒரு கட்டத்தில் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டார். கூட வந்த உதவியாளர்கள் மறுத்துவிட்டு, வாயை மட்டும் ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டார்கள். படுபாவிகள் என்று திட்டாதீர்கள், அன்றைய சயின்ஸ் அப்படி. ஓடும்போது தண்ணீர் குடித்தால் கெடுதல் என்று கோச்சுகளே நம்பினார்கள். போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவன் ஒரு படி மேலே போய், சுமார் 40 கிலோமீட்டர் பாதையில் குடிநீரை ஒன்றிரண்டு இடங்களோடு நிறுத்திக்கொண்டார். தாகம் எடுத்தால் மனுஷன் என்ன ஆகிறான் என்று பார்க்க ஆசையாம். பார்த்தார்.

தண்ணீர்தான் தரவில்லையே தவிர, ஹிக்ஸைப் பட்டினி போட்டார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. முட்டையின் வெள்ளைக்கருவில் கலந்து ஒரு சமாச்சாரம் கொடுத்தார்கள். அதன் பெயர் ஸ்ட்ரிக்னின். நம்ம ஊர் எட்டிமரம் தெரியுமல்லவா, அதன் கொட்டையில் இருக்கிற விஷம். எலிக்கு வைத்தார்கள். எட்டி பழுத்தால் யாருக்கு என்ன லாபம் என்று நம் பெரியவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். லாபம் ஹிக்ஸுக்கு!

தசைகளைப் பார்த்து ‘போதும், அடங்கு’ என்று தண்டுவடம் அனுப்புகிற உத்தரவை ஸ்ட்ரிக்னின் தடுத்துவிடும். ஒரு மில்லிகிராம் அளவில் உள்ளே போனால் கை கால் துறுதுறுக்கும் என்று அன்றைய மருத்துவம் நம்பியது. கொஞ்சம் கூடினால் உடம்பு வில்லாக வளைந்து ஆள் காலி. ஹிக்ஸ் தள்ளாடத் தொடங்கியதும் உதவியாளர்கள் யோசித்தார்கள். ஒரு டோஸுக்கே இப்படித் தள்ளாடுகிறானே, பாவம். அதனால் இன்னொரு டோஸ் கொடுத்தார்கள். கூடவே இன்னும் ரெண்டு முட்டை, ஒரு மடக்கு பிராந்தி.

இதற்குள் ஸ்டேடியத்தில் வேறொரு கூத்து. ஃப்ரெட் லோர்ஸ் என்ற ஓட்டக்காரர் ஒன்பதாவது மைலிலேயே தசைப்பிடிப்பு வந்து காரில் ஏறிக்கொண்டார். 11 மைல் போனதும் கார் மக்கர் பண்ண, மனுஷன் இறங்கி, ரெஸ்ட் எடுத்த தெம்போடு மிச்ச தூரத்தை ஓடி, முதல் ஆளாக உள்ளே நுழைந்தார். ஜனாதிபதியின் மகள் ஆலிஸ் ரூஸ்வெல்ட் கையால் மரியாதை வாங்கப்போகிற நேரத்தில் குட்டு உடைந்தது. சும்மா தமாஷுக்குத்தான் என்றார் லோர்ஸ். அன்றைக்கு எந்த எனர்ஜி சப்ளிமென்ட் பிரமாதமாக வேலை செய்தது என்று நேர்மையாகக் கேட்டால், கார்தான்.

அசல் வெற்றியாளர் பிறகு வந்தார். வந்தார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. ரெண்டு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்க, கால்கள் மட்டும் ஓடுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன. 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. ஒலிம்பிக் மாரத்தானில் இவ்வளவு மெதுவாக ஓடி வேறு யாரும் இதுவரை ஜெயித்ததில்லை. டாக்டர்கள் சூழ்ந்துகொண்டு உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். கூட வந்த சார்லஸ் லூகாஸ் பிற்பாடு புத்தகமே போட்டார். மருந்துகள் ஓட்டக்காரர்களுக்கு வெகுவாக உதவும் என்பதை மருத்துவரீதியாக இந்தப் போட்டி காட்டிவிட்டது என்பது அவர் தீர்ப்பு. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஓட்டம், அதுவும் முக்கால் பிணம். ஆராய்ச்சி ஓவர்!

இன்னொரு ஆளும் அதே போட்டியில் இருந்தார். கியூபாவிலிருந்து வந்த தபால்காரர் ஃபெலிக்ஸ் கார்வஹால். வழிச்செலவுப் பணத்தை நியூ ஆர்லியன்ஸ் சூதாட்டத்தில் தொலைத்துவிட்டு, போட்டிருந்த முழுக்கால் பேன்ட்டை முழங்காலோடு வெட்டிக்கொண்டு ஓடிய மகானுபாவர். பசி தாங்காமல் வழியில் ஒரு தோட்டத்து ஆப்பிளைத் தின்றார். அழுகல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு எழுந்து ஓடினார் என்கிறார்கள். அப்படியும் நாலாவது இடம்! அவர் மட்டும் முதலாவதாக வந்திருந்தால், இன்றைக்கு ஜிம் வாசலில் அழுகல் ஆப்பிள் பவுடர் கிலோ நாலாயிரம் ரூபாய்க்கு விற்கும். சாக்லேட் ஃப்ளேவரிலும் கிடைக்கும்.

விஷயம் இதுதான். உடம்புக்கு எது தெம்பு தரும் என்ற ஆராய்ச்சியை மனிதகுலம் ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷமாக ஒரே முறையில்தான் செய்துவந்திருக்கிறது. ஜெயித்தவன் வாயைத் திறந்து பார்ப்பது. உள்ளே என்ன இருக்கிறதோ, அதுதான் மருந்து. தோற்றவனும் காலையில் அதையேதான் தின்றுவிட்டு வந்தானா என்று யாரும் கேட்பதில்லை. தோற்றவனுக்குத்தான் பேட்டியே கிடையாதே.

பழைய கிரேக்கத்திலேயே இந்தக் கதை உண்டு. ஸ்பார்ட்டாவின் கார்மிஸ் உலர்ந்த அத்திப்பழம் தின்று பயிற்சி எடுத்து, கி.மு. 668-ல் ஓட்டத்தில் ஜெயித்தார். அத்திப்பழத்துக்கு மவுசு. பின்னால் ட்ரோமியஸ் என்ற நெடுந்தூர ஓட்டக்காரர் இறைச்சி தின்று ஜெயித்தார். அவ்வளவுதான், அத்திப்பழம் அவுட்.

இறைச்சிக் கட்சியின் சூப்பர் ஸ்டார் மல்யுத்த வீரர் மைலோ. ஒரு நாளைக்குச் சுமார் 9 கிலோ இறைச்சி, அதே அளவு ரொட்டி, பத்து லிட்டர் ஒயின் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நாலு வயசுக் காளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒலிம்பியா மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டு, அன்றே தனி ஆளாக அதைத் தின்று தீர்த்தாராம். எழுதியவர் பிளேட்டை எண்ணிப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். கடைசியில் காட்டில், பிளந்திருந்த மரத்தை வெறும் கையால் முழுசாகப் பிளக்கப் போய்க் கை மாட்டிக்கொண்டது. ஓநாய்கள் வந்தன. அன்றைக்கு ஓநாய்களுக்கு ஹை புரோட்டீன் டின்னர்.

ரோமாபுரியின் கிளாடியேட்டர்களோ சண்டை முடிந்ததும் சாம்பல் கரைத்த தண்ணீர் குடித்தார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். நாம் நெற்றியில் பூசுவதை அவர்கள் டம்ளரில் ஊற்றிக் குடித்திருக்கிறார்கள். கேலி பண்ணலாம் என்று பார்த்தால், எஃபெஸஸில் தோண்டிய கிளாடியேட்டர் எலும்புகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான முடிவு காலை வாருகிறது. அவர்கள் எலும்பில் ஸ்ட்ரான்ஷியம் எக்கச்சக்கம், தாதுச்சத்து நிறைந்த எதையோ குடித்திருக்கிறார்கள், சாம்பலாகவே இருக்கலாம் என்கிறார்கள். எலும்பு கெட்டி. சிங்கத்துக்கும் அது தெரிந்திருக்கும்.

இனி ஜெர்மனிக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டின் வேதியியல் சக்கரவர்த்தி யுஸ்டுஸ் ஃபான் லீபிக். தசை வேலை செய்தால் தசையே எரிகிறது, ஆகவே உழைக்கிறவனுக்கு எரிபொருள் புரோட்டீன்தான் என்றார். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. இந்த விஞ்ஞானம் வெறும் விஞ்ஞானமாகவும் நிற்கவில்லை. 1865-ல் அவர் பெயரில் ஒரு கம்பெனி கிளம்பி, உருகுவேயின் ஃப்ரே பென்டோஸில் மாடுகளைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்து உலகம் பூராவும் விற்றது. ஒரு கிலோ சாறுக்கு ஏறத்தாழ 30 கிலோ இறைச்சி. இதில் வேடிக்கை, கெட்டுப்போகாமல் இருக்கக் கொழுப்பையும் நீக்கி, புரோட்டீனில் பெரும்பகுதியையும் வடிகட்டிவிட்டார்கள். புரோட்டீன் பேராசிரியர் பெயரில் புரோட்டீன் இல்லாத பாட்டில்!

அதே 1865-ல், ஃபிக், விஸ்லிஸெனுஸ் என்ற ரெண்டு பேராசிரியர்களுக்குச் சந்தேகம் வந்தது. வாதாடவில்லை. மலை ஏறினார்கள். சுவிட்சர்லாந்தின் ஃபௌல்ஹார்ன் சிகரம், அடிவாரத்து ஏரியிலிருந்து கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம். முந்தின நாளிலிருந்தே புரோட்டீனைத் தொடவில்லை. ஸ்டார்ச் மாவைக் குழைத்துக் கொழுப்பில் பொரித்த, நம்ம பணியாரத்துக்குத் தூரத்து உறவான ஒரு பண்டம்தான் ஆகாரம், கூடச் சர்க்கரை போட்ட டீ. வழி நெடுக இருவரும் தங்கள் சிறுநீரைப் பாட்டில் பாட்டிலாகச் சேகரித்துக்கொண்டே ஏறினார்கள். எதிரே வந்த டூரிஸ்டுகள் என்ன நினைத்திருப்பார்களோ!

சிறுநீரில் இருந்த நைட்ரஜனை அளந்தால் எவ்வளவு புரோட்டீன் எரிந்தது என்று தெரிந்துவிடும். ஃபிக்கின் மச்சான் ஃபிராங்க்லண்ட் லண்டனில் உட்கார்ந்து கணக்கை முடித்துக் கொடுத்தார். எரிந்த புரோட்டீன் அந்த மலையில் பாதி தூரம் ஏறக்கூடப் போதாது. ஏற்றிவிட்டது மாவும் கொழுப்பும்தான். லீபிக்கின் கொள்கையைச் சாய்க்க ரெண்டு பேர், ஒரு மலை, சில பாட்டில் மூத்திரம் போதுமாக இருந்தது. விற்பனையை மட்டும் எந்த மூத்திரத்தாலும் சாய்க்க முடியவில்லை. சாறு அமோகமாக ஓடியது.

எடின்பரோவில் சர் ராபர்ட் கிறிஸ்டிசன் என்று ஒரு விஷ நிபுணர் இருந்தார். விஷத்தைப் புத்தகத்தில் படிக்கிற டைப் இல்லை. ஆப்பிரிக்காவின் காலபார் கொட்டையைத் தானே தின்று பார்த்து, நிலைமை மோசமானதும், ஷேவிங் பண்ணிய சோப்புத் தண்ணீரை மடக்கென்று குடித்து வாந்தி எடுத்துப் பிழைத்தவர். 78 வயசில் அவருக்குக் கோக்கா இலை கிடைத்தது. ஆமாம், கொக்கெய்ன் எடுப்பார்களே, அந்த இலைதான். மென்றுகொண்டே பென் வோர்லிக் மலையில் ஏறி இறங்கினார். பசியில்லை, தாகமில்லை, களைப்பில்லை என்று 1876-ல் மருத்துவ இதழிலேயே எழுதினார். சோப்புத் தண்ணீருக்கு அப்புறம் எதைத் தின்றாலும் அமிர்தமாகத்தான் இருந்திருக்கும்.

அதே வருஷம் எட்வர்ட் பேசன் வெஸ்டன் என்ற அமெரிக்க நடைப் போட்டி வீரர் லண்டனுக்கு வந்து, நாள் கணக்கில் நடந்து கூட்டத்தைக் கூட்டினார். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்ததை ஒரு டாக்டர் கவனித்துவிட்டார். கோக்கா! பத்திரிகைகளில் ஒரே களேபரம். வெஸ்டனும் மென்றதை ஒப்புக்கொண்டார். ஆனால் அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, தூக்கம்தான் வந்தது என்றார். ஜெயித்தவனே தன் வாயைத் திறந்து ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று சொன்ன அபூர்வ சம்பவம். யார் கேட்டார்கள்? பாரிஸில் கோக்கா கலந்த மரியானி ஒயின் சக்கைப்போடு போட்டது. போப் 13-ம் லியோ அந்தக் கம்பெனிக்குத் தங்கப் பதக்கமே கொடுத்தார். போப் எந்த மாரத்தானும் ஓடியதில்லை.

நல்லவேளையாக, எல்லாருமே இப்படி இல்லை. நீலகிரிக்கு வந்து தோடர்களின் எருமை, மந்து, உறவுமுறை எல்லாவற்றையும் கேட்டு 1906-ல் தலையணை சைஸ் புத்தகம் எழுதிய ரிவர்ஸ் தெரியுமல்லவா? அதே ரிவர்ஸ் கேம்பிரிட்ஜில் கஃபீனையும் ஒரு கை பார்த்தார். ஒற்றை விரலால் எடையை இழுத்து இழுத்து, எப்போது விரல் ஓய்கிறது என்று அளக்கிற கருவி. அவரும் வெபர் என்ற சகாவுமே சோதனை எலிகள். இதில்தான் ரிவர்ஸ் அதுவரை பலருக்குத் தோன்றாத ஒன்றைச் செய்தார். ருசியில் வித்தியாசமே தெரியாத ஒரு டம்மி கலவையும் தயார் பண்ணி, இன்றைக்குக் குடித்தது கஃபீனா டம்மியா என்பது குடித்தவனுக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டார். மருந்து சாப்பிடுகிறோம் என்கிற குஷியே விரலை இழுக்கவைத்துவிடும் என்று அவருக்குப் பயம். 1907-ல் ரிசல்ட் வந்தது. கஃபீன் நிஜமாகவே வேலை செய்கிறது! நம் வீட்டு அடுக்களையில் தினமும் காலையில் நிரூபிக்கப்படுவதுதான் என்றாலும், விரலில் எடை கட்டி நிரூபித்தால் அதன் கெத்தே தனி.

அடுத்து சர்க்கரை. 1924 பாஸ்டன் மாரத்தான் முடிந்ததும் ஹார்வர்ட் டாக்டர்கள் சிலர் ஓடி வந்தவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். சுருண்டு விழுந்தவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. மறு வருஷம் சிலருக்கு முன்கூட்டியே மாவுச்சத்து ஏற்றி, நடுவில் மிட்டாயும் கொடுத்து ஓடவிட்டார்கள். தெம்பாக வந்து சேர்ந்தார்கள். காளை மாடு, சாம்பல், எட்டிக்கொட்டை எல்லாம் தாண்டி வந்து நிற்கிற இடம் பெட்டிக்கடை மிட்டாய். இதில் கிளாமரே இல்லை. அதனால்தானோ என்னவோ, இதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ள வருஷக்கணக்கானது.

மிட்டாய்க்குக் கிளாமர் கொடுத்தவர் டாக்டர் ராபர்ட் கேட். 1965-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழக கோச் ஒருவர் இந்தச் சிறுநீரக நிபுணரிடம் வந்து, மேட்ச் நடக்கும்போது நம் பசங்களுக்கு ஏன் ஒண்ணுக்கே வருவதில்லை என்று கேட்டார். எல்லாம் வியர்வையாகவே போய்விடுகிறது என்று கண்டுபிடித்து, தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தார் கேட். குடித்தவர்கள் முகம் கோணியது. தானே குடித்துப் பார்த்தார், வாந்தி. எலுமிச்சை பிழிந்து பாருங்களேன் என்று சொன்னது வீட்டுக்காரம்மா மேரி. உப்பு, சர்க்கரை, எலுமிச்சை. நாம் அதை ரோட்டோரம் டம்ளரில் குடிக்கிறோம். அவர்கள் கேட்டரேட் என்று பெயர் வைத்தார்கள்.

1967 ஆரஞ்சு பௌல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஃபுளோரிடா 27–12 என்று ஜார்ஜியா டெக்கை மண்ணைக் கவ்வவைத்தது. தோற்ற கோச் பாபி டாட், எங்களிடம் கேட்டரேட் இல்லை, அதுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட்டார். தோற்றவனே வந்து பாட்டிலுக்கு சர்டிஃபிகேட் கொடுத்தால் கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்? ‘எங்க பசங்க சரியா ஆடல’ என்று சொல்வதைவிட அவருக்கும் அது சவுகரியம்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கபில் தேவும் பிறகு சச்சினும் டிவியில் வந்து பூஸ்ட்தான் தங்கள் எனர்ஜியின் ரகசியம் என்றார்கள். நாடே குடித்தது. கபில் மட்டும்தான் கபில் ஆனார்.

சரி, கேள்விக்கு நேராக வருகிறேன். இதெல்லாம் வேலை செய்யுமா? ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடுகிறீர்கள், சைக்கிள் மிதிக்கிறீர்கள் என்றால், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உண்மையிலேயே தாங்கிப் பிடிக்கும். கஃபீன், உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் போனால் ரெண்டு மூணு சதவீதம் கூட்டும். ஒலிம்பிக்கில் அது மெடல். மெரினாவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு, அதில் கால் மணி நேரம் வாட்ஸ்அப் பார்க்கிற நமக்கு, ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பாட்டிலில் ஏறுகிற கலோரி நடந்து இறக்கியதைவிட அதிகம்.

250 மில்லி எனர்ஜி டிரிங்க் கேனைக் கவிழ்த்துப் பார்த்தாலும் முக்கியமாகத் தேறுவது 80 மில்லிகிராம் கஃபீன், 27 கிராம் சர்க்கரை. ஒரு ஸ்ட்ராங் காபியில் அஞ்சாறு ஸ்பூன் சர்க்கரை. ஒரு டம்ளர் காபிக்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று அமெரிக்காவில் ரெட் புல் மேல் வழக்கே போட்டார்கள். தப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 2014-ல் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. விளம்பரத்தில் சொன்ன இறக்கை முளைக்காததற்கு நஷ்ட ஈடு என்று ஊர் சிரித்தது.

ரிவர்ஸ் பயந்த பயம் மட்டும் நூறு வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. 2006-ல் வெளியான ஒரு சோதனையில் சைக்கிள் வீரர்களுக்கு இன்றைக்கு ஒன்றுமில்லை, இன்றைக்குக் கொஞ்சம் கஃபீன், இன்றைக்கு டபுள் கஃபீன் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். கொடுத்ததெல்லாம் டம்மி. ஒன்றுமில்லை என்று நம்பிய அன்றைக்கு மிதிக்கிற பவர் 1.4 சதவீதம் இறங்கியது. கொஞ்சம் என்று நம்பியபோது 1.3 ஏறியது, டபுள் என்று நம்பியபோது 3.1. கற்பனைக் கஃபீனுக்குக்கூட டோஸ் கணக்கு உண்டு!

இதைவிடப் பெரிய கூத்து 2004-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஒரு மணி நேரப் போட்டியில் குளுக்கோஸை நேராக ரத்தக்குழாயில் ஏற்றினார்கள், வேகம் கூடவில்லை. அதே குழுவினர் வேறொரு சோதனையில், இனிப்பே தெரியாத மாவுச்சத்துக் கரைசலை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. வேகம் கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடியது. வாயில் மாவுச்சத்து பட்டதும், சாப்பாடு வருகிறது என்று மூளை நம்பி, பிடித்துவைத்திருந்த கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துகிறது போலிருக்கிறது. வயிற்றைப் பற்றி ரெண்டாயிரம் வருஷம் பேசிவிட்டோம், சரக்கு நாக்கிலேயே நின்றுவிட்டது.

2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து கால்பந்து வீரர்கள் பாட்டிலைத் திறந்து, வாயில் ஊற்றி, பளிச்சென்று துப்பினார்கள். பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. ரகசியம் இதுதானா, துப்பினால்தான் கோல் விழுமா என்று ஒரே விளக்கங்கள். அரையிறுதியில் குரோஷியா 2–1 என்று அவர்களைக் கவிழ்த்தது. குரோஷியாக்காரர்கள் விழுங்கினார்களா துப்பினார்களா என்று அன்று ராத்திரியே யாராவது வீடியோவை ஓட்டிப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். ஆனால் பாவம், அவர்களுக்கு நாலே நாள்தான் டைம் கிடைத்தது. ஃபைனலில் பிரான்ஸ் ஜெயித்துவிட்டது.